காருக்குத் தண்ணீர் போதுமா?

"பெட்ரோல் போடத் தெரியும், டயருக்குக் காற்றடிக்கத் தெரியும், மற்றதெல்லாம் மெக்கானிக் பாடு!" என்று சொல்லும் சகோதரிகள் அநேகர். சொல்வதில் தவறில்லை. ஆனால் வாசலில் நிற்கிறதே அந்த வண்டி, அதன் வயிற்றுக்குள் சில லிட்டர் திரவம் இருக்கிறது. அதைப் பற்றி மட்டும் வீட்டில் உள்ள அத்தனை பேரும் தெரிந்துகொள்ள வேண்டும். அதை மாற்றுவது கடினமான வித்தை அல்ல. ஒரு விடுமுறை நாளும் கொஞ்சம் பொறுமையும் போதும். அவசரப்பட்டால் கை வெந்துபோகும். அஜாக்கிரதையாக இருந்தாலோ உயிருக்கே ஆபத்து.

என்ஜினில் பெட்ரோல் எரிந்து பிறக்கும் உஷ்ணத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் வண்டியை ஓட்டுகிறது. இன்னொரு பங்கு புகையோடு போய்விடுகிறது. மீதியை யாராவது சுமந்து வெளியேற்ற வேண்டுமல்லவா? அந்தச் சுமையைத் தாங்குவதுதான் 'கூலன்ட்' என்னும் திரவம். என்ஜினைச் சுற்றி ஓடிச் சூட்டை வாங்கிக்கொள்ளும். முன்புறமுள்ள ரேடியேட்டருக்கு வந்து காற்றில் ஆறும். மறுபடி உள்ளே போகும்.

"அம்பாஸிடர் காலத்தில் குழாய்த் தண்ணீரைத்தானே ஊற்றினார்கள்?" என்று கேட்பீர்கள். 2014-ல் அம்பாஸிடர் தயாரிப்பே நின்றுவிட்டது. அந்தப் பழக்கத்தையும் அதோடு விட்டுவிடுவதே நல்லது. சென்னை போர் தண்ணீர் பட்ட பக்கெட்டிலும் கெய்ஸரிலும் வெள்ளை வெள்ளையாக உப்புப் படிவதைத் தினமும் பார்க்கிறீர்களே! அதே உப்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களை அடைத்தால் என்ன ஆகும்? போதாததற்குத் துருவும் சேரும்.

கூலன்டில் பெரும்பாலும் எத்திலீன் கிளைகால் என்ற ரசாயனமும், உப்பில்லாத டிஸ்டில்ட் வாட்டரும், துருவைத் தடுக்கும் மருந்துகளும் இருக்கின்றன. குளிர் தேசங்களில் இது உறையாமல் காக்கும். நம் ஊரிலோ, சீக்கிரம் கொதித்துவிடாமல் காக்கும். நாளடைவில் துரு தடுக்கும் மருந்து தீர்ந்துவிடுகிறது, அதனால்தான் மாற்றுகிறோம். பழைய ரகத்துக்கு இரண்டு வருஷம், நீடித்து உழைக்கும் ரகத்துக்கு ஐந்து வருஷம் என்பது பொதுக் கணக்கு. ஆனாலும் வண்டியோடு கொடுத்த கையேடு சொல்வதே சட்டம். பச்சை, சிவப்பு என்று நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். ஒரே நிறத்தில் வெவ்வேறு ரகங்கள் உண்டு. இரண்டு ரகங்களைக் கலக்கவும் கூடாது.

ஆறட்டும், ஆறட்டும்!

பிரஷர் குக்கரின் ஆவி அடங்குமுன் மூடியைத் திறப்பீர்களா? ரேடியேட்டரும் ஒரு குக்கர்தான். மூடியின் அழுத்தத்தால் உள்ளே 100 டிகிரியைத் தாண்டியும் திரவம் கொதிக்காமல் இருக்கும். சூட்டோடு திறந்தீர்களோ, அந்த க்ஷணமே பொங்கி முகத்தில் அடிக்கும். ஆகவே ராத்திரி நிறுத்திய வண்டியில் காலையில் வேலையைத் தொடங்குங்கள். அப்போதும் மூடியின் மேல் தடித்த துணியைப் போட்டு, கொஞ்சம் திருப்பி, சற்று நிறுத்தி, பிறகு திறங்கள்.

வண்டி சமதரையில், ஹாண்ட் பிரேக் போட்டு நிற்கட்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் புகவே வேண்டாம். கைக்கு ரப்பர் உறை, கண்ணுக்குக் கண்ணாடி அவசியம். முந்தானையை இழுத்துச் செருகுங்கள், துப்பட்டாவைக் கழற்றி வையுங்கள், பின்னலை முடிந்துகொள்ளுங்கள். ரேடியேட்டர் மின்விசிறி என்ஜின் ஓடாதபோதும் திடீரென்று சுழலக்கூடும்.

இறக்குவதும் ஏற்றுவதும்

ரேடியேட்டரின் அடியில் வடிகால் திருகு இருக்கும். சில வண்டிகளில் அது இராது; கீழ்க்குழாயின் கிளிப்பைத் தளர்த்த வேண்டும். அகலமான பழைய பேசினை அடியில் வைத்துத் திரவம் முழுவதையும் பிடியுங்கள். அதன் நிறத்தைப் பாருங்கள். செங்காவியாக இருந்தால் உள்ளே துரு. பால் விட்ட காபி போலிருந்தால் எண்ணெய் கலந்திருக்கலாம். அங்கேயே நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

வடிந்ததும் திருகை மூடி, டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றுங்கள். இன்வெர்ட்டர் பாட்டரிக்கு விடுகிறோமே, அதேதான். என்ஜினைச் சூடேறும்வரை ஓட்டி, நிறுத்தி, நன்றாக ஆறவிட்டு மறுபடி வடியுங்கள். தெளிவாக வரும்வரை இப்படிக் கழுவ வேண்டும். கதவடைத்த ஷெட்டில் என்ஜினை ஓட்டாதீர்கள். அந்தப் புகையில் ஆளைக் கொல்லும் கார்பன் மோனாக்ஸைடு இருக்கிறது.

இனிப் புதியது. 'அப்படியே ஊற்றலாம்' என்று டப்பாவில் போட்டிருந்தால் அதில் தண்ணீர் சேர்க்காதீர்கள். கெட்டியான ரகமானால், கையேடு வேறு அளவு சொல்லாதவரை, பாதிக்குப் பாதி தண்ணீர். இங்கே ஒரு சூட்சுமம் உண்டு. கழுவிய தண்ணீர் கொஞ்சம் என்ஜினுக்குள்ளேயே தங்கிவிடும். எனவே வண்டியின் மொத்தக் கொள்ளளவு 4 லிட்டர் என்றால், முதலில் கெட்டி கூலன்ட் 2 லிட்டரை ஊற்றிவிட்டு, மீதி இடத்தை டிஸ்டில்ட் வாட்டரால் நிரப்புங்கள். கலவை சரியாக அமையும்.

மெதுவாக ஊற்றுங்கள். ஊற்றியபின் மூடியைத் திறந்து வைத்தே என்ஜினை ஓட்டினால் குமிழிகள் வரும், மட்டம் இறங்கும், இன்னும் கொஞ்சம் விடுங்கள். குமிழி நின்றதும் மூடிவிடலாம். அருகிலுள்ள டப்பாவில் இரண்டு கோடுகளுக்கு நடுவே திரவம் நிற்க வேண்டும். மறுநாள் காலை, வண்டி ஆறியிருக்கும்போது ஒரு தடவை பார்த்துவிடுங்கள். காற்றை வெளியேற்றத் தனி முறை சொல்லப்பட்டிருக்கும் புது வண்டிகளையும், மின்சார, ஹைப்ரிட் வண்டிகளையும் ஒர்க்‌ஷாப்புக்கே விட்டுவிடுவது புத்திசாலித்தனம்.

வேலை இன்னும் முடியவில்லை

பேசினில் பழைய திரவம் இருக்கிறதே! முக்கியமான சங்கதியே அதுதான். எத்திலீன் கிளைகால் தித்திக்கும் விஷம். சில ரகம் ரோஸ்மில்க் போலச் சிவந்திருக்கும். சில ரகம் பச்சை சர்பத் போல ஜொலிக்கும். தவழும் குழந்தைக்கும் தாகமெடுத்த நாய்க்கும் அது விஷமென்று எப்படித் தெரியும்? வளர்ந்த மனிதருக்கே சுமார் 100 மில்லி உயிரைப் பறிக்கலாம் என்றால், குழந்தைக்குச் சில மடக்கே அதிகம்.

உள்ளே போனால் முதலில் மது குடித்தவர் போலத் தள்ளாட்டம், வாந்தி, மயக்கம். சில மணி நேரம் தெளிந்தது போலவும் தோன்றலாம். அதை நம்பி இருந்துவிடாதீர்கள்! ஈரல் அதை ஆக்ஸாலிக் அமிலமாக மாற்ற, அது கால்சியத்தோடு சேர்ந்து படிகமாகிச் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். யாராவது குடித்துவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே போதும். அறிகுறிக்குக் காத்திராமல், வாந்தி எடுக்க வைக்காமல், கைவைத்தியம் பார்க்காமல், 108-ஐ அழையுங்கள். கூலன்ட் டப்பாவையும் ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்லுங்கள். சீக்கிரம் போனால் முறிவு மருந்து உண்டு; டயாலிஸிஸ் சிகிச்சையும் உண்டு.

ஆகவே வடித்த திரவத்தை ஒரு நிமிஷங்கூடத் திறந்து வைக்காதீர்கள். இறுகத் திருகும் மூடியுள்ள பழைய கூலன்ட் டப்பாவில் ஊற்றி, 'விஷம்' என்று கொட்டை எழுத்தில் எழுதுங்கள். கலர் பாட்டிலில் ஊற்றி வைப்பது மட்டும் மகா பாதகம். சாக்கடையிலும் செடியடியிலும் கொட்டாமல், பழைய கூலன்டை வாங்கிக்கொள்ளும் ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள். தரையில் சிந்தியதைப் பழந்துணியால் ஒற்றியெடுத்துவிட்டு, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். அந்தப் பேசினும் புனலும் மறுபடி சமையலறைப் பக்கம் வரவே கூடாது.

மாற்றிய தேதியையும் ஓடிய கிலோமீட்டரையும் பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்து வையுங்கள். பழைய டப்பா வீட்டு வாசலைத் தாண்டிப் போன பிறகுதான் வேலை முடிந்தது என்று கை கழுவலாம்!