169.254 என்று தொடங்கினால் என்ன அர்த்தம்?

வைஃபை குறியீடு தெரிகிறது, ஆனால் இணையம் இல்லை. பள்ளிப் பாடத்தை இன்றிரவுக்குள் அனுப்பியாக வேண்டும். இந்த நிலையில் பலர் கணினியை அணைத்து அணைத்துத் திறப்பார்கள். மறுநாள் கடைக்குத் தூக்கிச் செல்வார்கள். கடையில் ‘ஃபார்மெட்’ செய்துவிட்டால், நகல் எடுத்து வைக்காத படங்களும் கட்டுரைகளும் போய்விடும். இத்தனைக்கும் பழுது கணினியிலேயே இல்லாமல் இருக்கலாம். அதை அறிய ஓர் எண்ணைப் படிக்கத் தெரிந்தால் போதும்.

விண்டோஸ் கணினியில் ‘சிஎம்டி’ என்று தேடினால் ஒரு கறுப்புத் திரை திறக்கும். அதில் ‘ஐபிகான்ஃபிக்’ என்று ஆங்கிலத்தில் தட்டி, என்டர் விசையை அழுத்துங்கள். பல பிரிவுகள் வரும். நீங்கள் பயன்படுத்தும் இணைப்பு வைஃபையா, கம்பியா என்று பார்த்து அந்தப் பிரிவை மட்டும் படியுங்கள். ‘ஐபிவி4’ என்ற வரியில் நான்கு பகுதிகள் கொண்ட ஓர் எண் இருக்கும். அதுதான் வீட்டு வலையமைப்பில் உங்கள் கணினியின் முகவரி. வீடுகளில் அது பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். 169.254 என்று தொடங்கினால் கதை வேறு. அந்த முகவரியை யாரும் உங்கள் கணினிக்குக் கொடுக்கவில்லை. கணினி தானே சூட்டிக்கொண்டது.

ஏன் அப்படிச் செய்கிறது? வலையமைப்பில் புதிதாக நுழையும் கணினிக்கு முகவரி கிடையாது. முகவரி கொடுப்பவர் யார் என்பதும் தெரியாது. எனவே 0.0.0.0 என்ற வெற்று முகவரியிலிருந்து 255.255.255.255 என்ற எண்ணுக்கு ஒரு செய்தி அனுப்புகிறது. அந்த எண்ணுக்கு ‘இங்குள்ள எல்லாரும் கேளுங்கள்’ என்று பொருள். வீடு முழுக்கக் கேட்கும்படி ‘முகவரி தருபவர் யாராவது உண்டா?’ என்று கூவுவதைப் போன்றது. ரவுட்டர் அதைக் கேட்டு, ‘192.168.1.105 காலியாக உள்ளது, வேண்டுமா?’ என்கிறது. ‘அதையே கொடு’ என்கிறது கணினி. ‘எடுத்துக்கொள்’ என்று ரவுட்டர் உறுதி செய்கிறது. நான்கே செய்திகள். எல்லாம் சரியாக இருந்தால் நீங்கள் கவனிப்பதற்குள் முடிந்துவிடும்.

இந்த உரையாடலுக்கு டிஎச்சிபி என்று பெயர். அமெரிக்காவின் பக்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரால்ஃப் டிரோம்ஸ் எழுதிய இதன் முதல் விதிமுறை 1993இல் வெளிவந்தது. 1985இலேயே பூட்பி என்றொரு முறை இருந்தது. ஆனால் அதில் எந்தக் கணினிக்கு எந்த முகவரி என்பதை நிர்வாகி முன்கூட்டியே பட்டியலிட வேண்டும். டிஎச்சிபி கொண்டுவந்த பெரிய மாற்றம் இரவல். நூலகப் புத்தகத்தைப் போல முகவரிக்கும் தவணை உண்டு. தவணையில் பாதி கழிந்ததும் கணினி தானாகவே புதுப்பித்துக்கொள்ளக் கேட்கும். வராமலே போனால், தவணை முடிந்ததும் அந்த முகவரியை வேறொருவருக்குக் கொடுக்கலாம்.

சரி, கூவியும் யாரும் பதில் சொல்லவில்லை என்றால்? கணினி சிலமுறை கேட்டுப் பார்க்கும். பிறகு 169.254 என்று தொடங்கும் 65,024 முகவரிகளில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் எடுக்கும். ‘இதை யாராவது வைத்திருக்கிறீர்களா?’ என்று அக்கம்பக்கத்தில் விசாரித்துவிட்டு, இல்லையென்றால் தனக்கு வைத்துக்கொள்ளும். விண்டோஸ் 98இல் இந்த வசதி வந்தது. 2005இல் பொது விதியாக எழுதப்பட்டது. இந்த முகவரியைக் கொண்டு இணையத்துக்குள் போக முடியாது. ரவுட்டர்கள் இதை வெளியே அனுப்பக் கூடாது என்பது விதி. அதே கம்பியில் உள்ள மற்றொரு கணினியோடு மட்டும் பேசலாம். இரண்டு மடிக்கணினிகளை ஒரு நெட்வொர்க் கம்பியால் நேரடியாக இணைத்துப் பாருங்கள், ரவுட்டரே இல்லாமல் இரண்டும் 169.254 முகவரிகளோடு ஒன்றையொன்று கண்டுகொள்ளும்.

ஆக, 169.254 என்பது ‘நான் கேட்டேன், பதில் வரவில்லை’ என்ற தகவல். பதில் எங்கே நின்றுபோனது என்பதைத்தான் இனி தேட வேண்டும்.

முதலில் அதே வைஃபையில் உள்ள கைத்தொலைபேசியைப் பாருங்கள். அதற்கு முன் அதன் மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வைஃபை செத்துக் கிடந்தாலும் தொலைபேசி மொபைல் டேட்டாவில் சத்தமில்லாமல் ஓடும். ‘போனில் வருகிறதே’ என்று நாம் கணினியைக் குறை சொல்வோம். தொலைபேசியிலும் இணையம் இல்லை என்றால் ரவுட்டரைச் சந்தேகிக்கலாம். மின் இணைப்பைப் பிடுங்கி, அரை நிமிடம் விட்டு மீண்டும் செருகுங்கள். முழுதாக எழ ஓரிரு நிமிடம் ஆகும், பொறுமை வேண்டும்.

ரவுட்டர் நன்றாக இருந்தும் முகவரி தீர்ந்துபோவது உண்டு. தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பை நினைத்துக்கொள்ளுங்கள். வந்தவர்கள் எல்லாரும் வைஃபை கடவுச்சொல்லைக் கேட்டு வாங்குகிறார்கள். சில ரவுட்டர்களின் பட்டியலில் 50 முகவரிகளே இருக்கும். இரவல் தவணை பல ரவுட்டர்களில் 24 மணி நேரம். விருந்தினர் முறுக்கு தின்றுவிட்டுப் போய்விட்டாலும், அவர்கள் தொலைபேசி வாங்கிய முகவரி நாளை வரை இரவலிலேயே இருக்கும். கடைசியாக வரும் உங்கள் கணினிக்கு எதுவும் மிஞ்சாது. ரவுட்டர் அமைப்பில் தவணையை இரண்டு மணி நேரமாகக் குறைத்தால் அல்லது பட்டியலை நீட்டினால் தீர்ந்தது.

தொலைபேசியில் வருகிறது, கணினியில் மட்டும் இல்லை என்றால் கணினிப் பக்கம் வாருங்கள். கறுப்புத் திரையில் ‘ஐபிகான்ஃபிக் /ரிலீஸ்’, அடுத்து ‘ஐபிகான்ஃபிக் /ரினியூ’ என்று ஆங்கிலத்தில் தட்டினால் பழைய முகவரியை விட்டுவிட்டுப் புதிதாகக் கேட்கும். அதுவும் பலிக்காவிட்டால், புதிதாகப் போட்ட பாதுகாப்பு மென்பொருள் ஏதாவது அந்தச் செய்திகளைத் தடுக்கிறதா என்று பாருங்கள். பள்ளியிலோ அலுவலகத்திலோ பயன்படுத்திய மடிக்கணினியில் வேறொரு பொறி உண்டு: யாரோ கையால் நிலையான முகவரியை எழுதி வைத்திருப்பார்கள். அப்போது 169.254 வராது, சாதாரண முகவரி போலவே தெரியும். தொலைபேசியின் முகவரியோடு ஒப்பிடுங்கள். வீட்டு வைஃபையில் முதல் மூன்று பகுதிகள் பொதுவாக ஒன்றாக இருக்கும். வேறாக இருந்தால், அமைப்பில் ‘தானாகப் பெறு’ என்று மாற்றுங்கள்.

கம்பி வழி இணைப்பென்றால் செருகும் துளையருகே உள்ள சிறு விளக்கைப் பாருங்கள். எரியவில்லை என்றால் வேறு கம்பி, ரவுட்டரில் வேறு துளை என்று மாற்றிப் பார்க்க வேண்டும். இடி மின்னல் அதிகமுள்ள நம் நாட்டில், மழைக்கு மறுநாள் இந்தச் சோதனையை முதலிலேயே செய்துவிடலாம். வீட்டுக்குள் வரும் ஃபைபர் கண்ணாடி இழை. அதில் மின்சாரம் பாயாது. ஆனால் மின் கம்பி வழியாக ரவுட்டருக்குள் நுழையும் மின்னல் அதிர்ச்சி, நெட்வொர்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு கணினியின் துளை வரை வந்து அதைக் கருக்கிவிடும். துளை மட்டும் செத்திருந்தால் கணினியைத் தூக்கிப் போட வேண்டாம். யுஎஸ்பியில் செருகும் நெட்வொர்க் அடாப்டர் ஒன்று வாங்கினால் போதும்.