சுற்றுலா வந்தது, வாடகை ஏறியது



"சுற்றுலாப் பயணிங்க வந்தா ஊருக்கு நல்லதுதானே, நாலு காசு புழங்குமே" என்று குழுக் கூட்டங்களில் பேச்சு வருவதுண்டு. அது பொய்யில்லை. கடை போடலாம், ஆட்டோ ஓடும், ஓட்டலில் வேலை கிடைக்கும். ஆனால் அந்த ஊரில் முன்பிருந்தே குடியிருப்பவர்கள் பாடு என்ன ஆகிறது? இதை விளங்கிக்கொள்ள ஸ்பெயின் நாட்டில் உள்ள பார்சிலோனா நகரத்தைப் பார்ப்போம்.

பார்சிலோனா 16 லட்சம் பேருக்கு மேல் வாழும் கடற்கரை நகரம். 1992-ல் அங்கே ஒலிம்பிக் போட்டிகள் நடந்தன. அதற்காகக் கடற்கரையைச் சீர்படுத்தினார்கள். அதற்குப் பிறகு பயணிகள் கூட்டம் ஏறிக்கொண்டே போனது.

கடலை ஒட்டி பார்சலோனெட்டா என்று ஒரு பகுதி இருக்கிறது. மீனவர்களும் துறைமுகத் தொழிலாளர்களும் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்த இடம். தெருக்கள் குறுகல், வீடுகளும் சின்னது. 350 சதுர அடிகூடத் தேறாத வீடுகள் நிறைய. கடல் பக்கத்திலேயே இருப்பதால் பயணிகளுக்கு அந்த வீடுகள்மேல் ஆசை வந்தது. வீட்டுக்காரர் கணக்குப் போட்டுப் பார்த்தார். குடும்பத்துக்கு விட்டால் மாசத்துக்கு ஒரு வாடகை. பயணிக்கு விட்டால் ராத்திரிக்கு ராத்திரி வாடகை. அப்புறம் யார் குடும்பத்துக்கு வீடு கொடுப்பார்கள்?

வீட்டுக்கு வீடு பயணிகள் மாறி மாறி வந்து தங்கினார்கள். விடிய விடியக் குடியும் கூச்சலும். மறுநாள் வேலைக்குப் போகிறவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் தூங்க முடியவில்லை. 2014 ஆகஸ்டில் சில பயணிகள் உடம்பில் துணியே இல்லாமல் தெருவில் நடந்து கடைக்குள்ளும் போய்விட்டார்கள். அதோடு பொறுமை போச்சு. அந்தப் பகுதி மக்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள்.

பத்து ஆண்டுகளில் வாடகை 68 சதவீதம் ஏறியதாக அந்நகர மேயர் 2024-ல் சொன்னார். நம் கணக்கில் சொன்னால் 1000 ரூபாய் வாடகை 1680 ஆகிவிட்டது. கூலி அந்த அளவுக்கு ஏறுமா? இதற்குச் சுற்றுலா ஒன்றுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது, லாபத்துக்காக வீடுகளை வாங்கிப் போடுகிறவர்களும் உண்டு. இருந்தாலும் பயணிகளுக்கு வீடு விட நகரில் இருக்கும் 10,101 உரிமங்களையும் புதுப்பிக்கப் போவதில்லை, 2028 நவம்பருக்குள் அவை முடிவுக்கு வரும் என்று மேயர் அறிவித்தார். உரிமையாளர்கள் கடுமையாக எதிர்க்கிறார்கள்.

வீடு மட்டுமா? போக்கேரியா என்ற பழைய சந்தையில் காய்கறி, மீன் விற்ற கடைகள் பல, பயணிகளுக்கு நறுக்கிய பழமும் ஜூஸும் விற்கும் கடைகளாகிவிட்டன. கத்திரிக்காய் வாங்கப் போகும் பெண்ணுக்கு அது எதற்கு? இன்னொரு பகுதியில் 116 என்ற சின்ன பஸ் ஓடுகிறது. பிரபலமான பூங்கா ஒன்றுக்குப் போகும் பயணிகள் அதில் நிரம்பிவிடுவதால், மேட்டுத் தெருக்களில் குடியிருக்கும் வயதானவர்களுக்கு இடமே கிடைக்கவில்லை. கடைசியில் 2024-ல் கூகுள் மேப்பிலிருந்து அந்த பஸ்ஸையே எடுக்க வைத்தது நகராட்சி. பயணிக்கு பஸ் இருப்பதே தெரியவில்லை, பாட்டிகளுக்கு உட்கார இடம் கிடைத்தது!

சுற்றுலாவால் வேலை கிடைக்கிறதே என்று கேட்கலாம். கிடைக்கிறது. ஆனால் ஓட்டல் அறையைக் கூட்டித் துடைத்து, மெத்தையைத் தூக்கி விரிப்பு மாற்றுவது யார்? பெரும்பாலும் பெண்கள்தான். ஸ்பெயினில் பல ஓட்டல்கள் இந்த வேலையை வெளி ஒப்பந்தக்காரர்களிடம் விட்டுவிட்டன. சம்பளம் குறைந்தது, செய்ய வேண்டிய அறைகளோ கூடின. இடுப்பும் மணிக்கட்டும் போனது. ஊருக்கு வரும் பணம் ஓட்டல் வாசல் வரை வருகிறது, விரிப்பு மாற்றுகிறவர் கைக்கு எவ்வளவு வருகிறது என்பதே எங்கள் கேள்வி.

இந்தப் பெண்கள் 2016-ல் "லாஸ் கெலிஸ்" என்று சங்கம் வைத்தார்கள். "சுத்தம் செய்கிறவர்கள்" என்று பொருள் தரும் ஸ்பானிஷ் சொற்களைச் சுருக்கி அவர்களே வைத்துக்கொண்ட பெயர் இது. 2018-ல் நாட்டின் பிரதமரே அவர்களைக் கூப்பிட்டுப் பேசினார். அதே ஆண்டில் இந்த வேலையால் வரும் கை, மணிக்கட்டு உபாதைகளைத் தொழில் நோயாக அரசு ஏற்றது. அதோடு அவர்கள் நிற்கவில்லை. வேலைக்காரப் பெண்களை ஒழுங்காக நடத்தும் ஓட்டல்களில் மட்டும் அறை பதிவு செய்ய ஒரு இணையதளம் தொடங்குவோம் என்று 2021-ல் பொதுமக்களிடம் சிறு சிறு தொகையாகப் பணம் கேட்டார்கள். கேட்டதைவிடக் கூடவே சேர்ந்தது.