அமிலக் குறைப்பு மாத்திரை: எப்போது, எத்தனை நாள்?

ஆறு ஆண்டுகளுக்கு முன் நான் எழுதிய மருந்துச் சீட்டு ஒன்று சென்ற ஆண்டு மீண்டும் என் மேசைக்கு வந்தது. மடிப்புகளில் கிழிந்து, ஒட்டுநாடாவால் ஒட்டப்பட்டிருந்தது. கொண்டு வந்தவர் காக்களூர் தொழிற்பேட்டையில் பணியாற்றி ஓய்வு பெற்ற 61 வயதுப் பெரியவர். இரண்டு வாரங்களாகக் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறது, கை நடுங்குகிறது, உறக்கமில்லை என்றார். இரத்தப் பரிசோதனையில் மக்னீசியம் வெகுவாகக் குறைந்திருந்தது. இரத்த அழுத்தத்துக்காக அவர் உட்கொண்டு வந்த நீர்பிரிக்கும் மாத்திரை ஒரு காரணம். மற்றொரு காரணம் அந்தச் சீட்டில் இருந்தது. மூட்டுவலிக்குப் பதினைந்து நாள் வலி நிவாரணி எழுதியபோது, வயிற்றைக் காப்பதற்காக உடன் எழுதிய பேன்டோபிரசோல் 40 மி.கி. ‘காலை ஒன்று, உணவுக்கு முன்’ என்று எழுதியிருந்தேன். எத்தனை நாள் என்ற இடம் வெறுமையாக இருந்தது.

வலி நிவாரணியை அவர் அன்றே முடித்துவிட்டார். இதை மட்டும் ஆறு ஆண்டுகள் தொடர்ந்திருக்கிறார். “நிறுத்தணும்னு நீங்க சொல்லவே இல்லையே, சார்” என்றார் அவருடைய மனைவி. மறுமொழி கூற என்னிடம் ஒன்றும் இல்லை. இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அந்தச் சீட்டுத்தான்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இவை தீய மருந்துகள் அல்ல. எங்கள் ஆசிரியர்களின் இளமைக் காலத்தில் குடற்புண் என்றால் அறுவைச் சிகிச்சை என்பதே பொருள். இரைப்பையின் ஒரு பகுதியை வெட்டி எடுப்பதும், அமிலத்தைத் தூண்டும் நரம்பைத் துண்டிப்பதும் அன்றாட நிகழ்ச்சிகள். 1970களில் சிமெடிடின், 1980களின் தொடக்கத்தில் ரானிடிடின், 1988இல் ஒமிப்பிரசோல் என அடுத்தடுத்து வந்த மருந்துகள் அந்த நிலையை மாற்றின. இன்று நாம் மிகுதியாகப் பயன்படுத்தும் பேன்டோபிரசோல், ரேபிப்பிரசோல், ஈசோமிப்பிரசோல் ஆகியன ஒமிப்பிரசோலின் குடும்பத்தைச் சேர்ந்தவை. இவற்றால் உயிர் பிழைத்தோர் ஏராளம். குறை, நாம் இவற்றைச் சாப்பிடும் முறையில் இருக்கிறது.

இரைப்பையின் சுவரில் அமிலத்தை வெளியேற்றும் நுண்ணிய பம்புகள் உள்ளன. உணவு வரும்போதுதான் அவை பெருமளவில் இயங்கத் தொடங்குகின்றன. இம்மருந்து இயங்கும் பம்பை மட்டுமே பற்றி முடக்கும்; உறங்கும் பம்பை ஒன்றும் செய்யாது. இரத்தத்தில் இம்மருந்தின் அளவு ஒன்று அல்லது ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும். ஆகவே மாத்திரை இரத்தத்தில் நிறைந்திருக்கும் நேரமும், உணவு இரைப்பையை அடையும் நேரமும் பொருந்த வேண்டும். ‘உணவுக்கு அரை மணி நேரம் முன்’ என்று நாங்கள் கூறுவதன் காரணம் இதுவே.

இங்கேதான் நம் பகுதி மக்களுக்கு ஒரு சிக்கல். வேப்பம்பட்டிலோ செவ்வாப்பேட்டையிலோ விடியற்காலை ஐந்து மணி ரயிலைப் பிடிப்பவர் நாலரை மணிக்கே மாத்திரையை விழுங்கி, ஒரு தேநீர் குடித்துவிட்டுக் கிளம்புகிறார். கேன்டீனில் இட்லி கிடைப்பதோ எட்டரை மணிக்கு. நான்கு மணி நேரத்தில் மருந்தின் பெரும்பகுதி கரைந்து போய்விடுகிறது. பின்னர், ‘ஒரு மாத்திரை போதவில்லை, டாக்டர்’ என்று வருகிறார். சிலர் தாமாகவே இரண்டாக்கிக் கொள்கின்றனர். மாத்திரையைச் சட்டைப் பையில் எடுத்துச் சென்று, கேன்டீன் மணி அடிப்பதற்கு அரை மணி முன் விழுங்கினால் ஒன்றே போதுமானதாக இருக்கும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு இரவுப் பணிக்குச் செல்வோர் கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம். உறங்கி எழுந்தபின் உண்ணும் முதல் முழு உணவே உங்களுக்குக் ‘காலை உணவு’. அதற்கு முன் சாப்பிடுங்கள்.

மாத்திரையை மென்றோ பொடித்தோ உட்கொள்ளக் கூடாது. இரைப்பை அமிலத்தில் கரையாதிருக்கவே அதன்மேல் பூச்சு இடப்பட்டிருக்கிறது. விழுங்க இயலாத முதியோருக்கு வேறு வடிவங்கள் உண்டு, கேளுங்கள்.

நெஞ்செரிச்சல் வந்த நொடியில் ஒன்றைப் போட்டுக்கொள்வதாலும் பயன் குறைவு. முழுப் பலன் தெரிய மூன்று முதல் ஐந்து நாட்கள் ஆகும். திருமண விருந்துக்குப் பின் ஒருநாள் எரிச்சல் என்றால் அமில முறி திரவமே போதும். அதுவும் பிற மாத்திரைகளுக்கு இரண்டு மணி நேரம் தள்ளி. சிறுநீரக நோய் உள்ளவர்கள் கேட்டபின் மட்டும்.

இனி, எத்தனை நாள் என்னும் வினா. சாதாரண நெஞ்செரிச்சலுக்கும் எதுக்களிப்புக்கும் நான்கு முதல் எட்டு வாரம். வலி நிவாரணிக்குத் துணையாகக் கொடுத்திருந்தால், வலி நிவாரணி முடியும் நாளில் இதுவும் முடிகிறது. காய்ச்சலுக்கு மருத்துவமனையில் சேர்ந்தபோது ஊசியாகப் போட்டு, வீட்டுக்கு அனுப்பும்போது மாத்திரையாக எழுதியிருந்தால், பெரும்பாலோருக்கு அது வீட்டில் தேவையே இல்லை. சீட்டில் நாட்கணக்கு இல்லாவிட்டால், அந்த இடத்திலேயே மருத்துவரைக் கேளுங்கள். மருந்துக் கடையில் பழைய சீட்டையோ காலி அட்டையையோ காட்டி வாங்குவது நம் ஊரில் இயல்பாகிவிட்டது. மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என்ற எச்சரிக்கை அந்த அட்டையிலேயே அச்சிடப்பட்டிருக்கிறது. அதைப் படிக்கிறவர்தான் இல்லை.

நீண்ட நாள் உட்கொண்டவர்கள் திடீரென நிறுத்தினால் அமிலம் முன்னிலும் மிகுதியாகச் சுரக்கும். டென்மார்க்கில் வயிற்று நோய் ஏதுமற்ற 120 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வு 2009இல் வெளியானது. அவர்களில் பாதிப் பேருக்கு எட்டு வாரம் ஈசோமிப்பிரசோல் கொடுத்து நிறுத்தியபோது, அடுத்த வாரங்களில் 44 சதவீதத்தினருக்கு நெஞ்செரிச்சல் போன்ற தொல்லைகள் வந்தன. வெறும் மாத்திரை பெற்றவர்களில் 15 சதவீதத்தினருக்கு மட்டுமே. நோயே இல்லாதவர்க்கு நோய்க்குறி! ‘நிறுத்திப் பார்த்தேன், டாக்டர், மூன்றாம் நாளே எரிந்தது, எனக்கு இது வாழ்நாள் மாத்திரைதான்’ என்று கூறுவோரில் பலர் இந்தத் தற்காலிக மிகைச் சுரப்பையே நோய் என்று எண்ணிவிடுகின்றனர். 40 மி.கி.யை 20 ஆக்கி, பின் ஒருநாள் விட்டு ஒருநாள் எனக் குறைத்து, இடையில் எரிந்தால் அமில முறி திரவத்தைப் பயன்படுத்தி, சில வாரங்களில் விடுபடலாம். இதை மருத்துவரிடம் கூறிவிட்டுச் செய்யுங்கள்.

ஏனெனில் நிறுத்தவே கூடாதவர்களும் இருக்கின்றனர். இதயத்தில் ஸ்டென்ட் வைக்கப்பட்ட மூதாட்டி ஒருவர் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் சாப்பிட்டு வந்தார். ‘இந்த மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்கும்’ என்ற காணொளியைக் கைப்பேசியில் பார்த்த மகன், தாயின் மீதுள்ள அக்கறையால் பேன்டோபிரசோலை மட்டும் நிறுத்திவிட்டார். மூன்று வாரம் கழித்துத் தார் போலக் கருத்த மலம். அவசரப் பிரிவுக்கு வந்தபோது ஹீமோகுளோபின் 6. இரத்தம் ஏற்றி, எண்டோஸ்கோபி வழியாகப் புண்ணின் கசிவை நிறுத்தினோம். பிழைத்துக்கொண்டார். மகனை நான் கடிந்துகொள்ளவில்லை. அந்த மாத்திரை எதற்காக என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

இரத்தம் உறையாதிருக்க மருந்து உட்கொள்ளும் முதியோர், முன்பு இரைப்பையில் இரத்தக் கசிவு ஏற்பட்டவர்கள், வலி நிவாரணியை நிறுத்த இயலாத வாத நோயாளிகள், உணவுக்குழாயில் கடுமையான புண் உள்ளவர்கள் ஆகியோருக்கு இது காப்பு மருந்து. மருத்துவர் சொல்லாமல் நிறுத்தலாகாது. குளோபிடோக்ரெல் சாப்பிடுவோர் ஒமிப்பிரசோலையும் ஈசோமிப்பிரசோலையும் தவிர்க்க வேண்டும். அவை அம்மருந்தின் வேலையைக் குறைக்கின்றன. அவர்களுக்குப் பேன்டோபிரசோல் ஏற்றது.

காணொளிகள் கிளப்பும் அச்சத்தில் எவ்வளவு உண்மை? சிறுநீரகத்தில் ஒவ்வாமை போன்ற அழற்சி அரிதாக ஏற்படுவது உண்மை. மற்றபடி, இதய நோயாளிகள் 17,500 பேருக்கு மேல் பங்கேற்க, ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் பேன்டோபிரசோலை வெறும் மாத்திரையுடன் ஒப்பிட்ட பெரிய ஆய்வு 2019இல் வெளியானது. அதில் தெளிவாக மிகுந்து காணப்பட்டது குடல் தொற்று ஒன்றுதான்: 1.0 சதவீதத்துக்கு எதிராக 1.4 சதவீதம். அமிலம் கிருமியைக் கொல்லும் காவலாளி. காவல் குறைந்தால் அசுத்தக் குடிநீர் எளிதில் தாக்கும். மழைக்காலத்தில் இம்மாத்திரை உட்கொள்வோர் தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள்.

ஆண்டுக்கணக்கில் உட்கொள்வோர்க்கு நான் அஞ்சுவது பெரும்பாலும் ஊட்டச் சத்துகளைப் பற்றியே. நம் பகுதியில் சர்க்கரை நோயாளிகள் மிகுதி. பலர் மெட்ஃபார்மின் சாப்பிடுகின்றனர். மெட்ஃபார்மினும் வைட்டமின் பி12ஐக் குறைக்கும், இம்மாத்திரையும் குறைக்கும். பாதத்தில் எரிச்சலும் மதமதப்பும் வந்தால் ‘சர்க்கரையால் நரம்பு கெட்டது’ என்று எண்ணிவிடுகிறோம். ஒருவேளை பி12 குறைவாக இருக்கலாம், அதைச் சரிசெய்யவும் முடியும். இரும்புச் சத்து மாத்திரையும் சரியாக உட்கிரகிக்கப்படாது. தைராய்டு மாத்திரையும் அப்படியே. இரண்டுக்கும் நடுவே இடைவெளி விடுவதால் மட்டும் இது தீராது. புதிதாகத் தொடங்கினால் 6 முதல் 8 வாரத்தில் டிஎஸ்எச் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

அட்டையில் மருந்தின் பெயருக்குப் பின் ‘டி’ அல்லது ‘டிஎஸ்ஆர்’ என்ற எழுத்துகள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். டோம்பெரிடோன் என்னும் இரண்டாவது மருந்தும் சேர்ந்திருக்கிறது என்பது அதன் பொருள். குமட்டலுக்கான அம்மருந்து சிலருக்கு, சிறப்பாக முதியோருக்கும் இதய நோயாளிகளுக்கும், இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கக்கூடும். ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2014இல் இதைப் பொதுவாக ஒரு வாரத்துக்கு மேல் பயன்படுத்த வேண்டாம் என்று அறிவுறுத்தியது. இங்கோ மாதக்கணக்கில் சாப்பிடுகிறவர்களைப் பார்க்கிறேன்.

வீட்டு அலமாரியில் பழைய ரானிடிடின் இருந்தால் அதை விட்டுவிடுங்கள். அதில் என்டிஎம்ஏ என்னும் மாசு, நாட்பட நாட்பட, அதிலும் வெப்பத்தில் வைக்கும்போது, பெருகுவதாகக் கண்டறிந்து அமெரிக்கா 2020இல் சந்தையிலிருந்து அதை விலக்கச் செய்தது. இந்தியா 2022இல் தன் இன்றியமையா மருந்துகள் பட்டியலிலிருந்து நீக்கியது. நம் ஊர் அக்கினி நட்சத்திர வெயிலில் தகரக் கூரையின் கீழ் மாத்திரை எவ்வளவு வெப்பத்தில் கிடக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அதே வகையில் ஃபேமோடிடின் உள்ளது.

இம்மாத்திரை நோயை மறைத்துவிடுவதும் உண்டு. சென்னையில் ஆண்களைத் தாக்கும் முதன்மையான புற்றுநோய்களுள் இரைப்பைப் புற்றுநோயும் நெடுங்காலமாக ஒன்று என்பதை அடையாறு புற்றுநோய் நிறுவனத்தின் பதிவேடு காட்டுகிறது. தொடக்க நிலையில் அதன் அறிகுறி வெறும் வயிற்று எரிச்சலாகவே இருக்கலாம். மாத்திரை அந்த எரிச்சலை அடக்கி, மாதங்களை விழுங்கிவிடும். ஐம்பது வயதைக் கடந்தபின் முதன்முறையாக வயிற்றுத் தொல்லை, உடல் எடை குறைதல், விழுங்கும்போது அடைத்தல், தொடர் வாந்தி, இரத்தசோகை, கருத்த மலம் ஆகியவற்றுள் எது இருந்தாலும் எண்டோஸ்கோபி தேவை. (இரும்பு மாத்திரையாலும் மலம் கறுக்கும், இருப்பினும் காட்டிவிடுங்கள்.) குடற்புண்ணுக்குப் பெருங்காரணமான ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமிக்கான பரிசோதனைக்கு வருமுன் இம்மாத்திரையை இரண்டு வாரம் நிறுத்த வேண்டியிருக்கும், இல்லையேல் கிருமி இருந்தும் இல்லை எனக் காட்டக்கூடும். நிறுத்தலாமா என்பதை முன்பதிவின்போதே கேளுங்கள்.

எல்லாவற்றினும் அவசரமானது ஒன்று. நடு நெஞ்சில் அழுத்தம், வியர்வை, மூச்சிரைப்பு, தாடைக்கோ தோளுக்கோ இடது கைக்கோ பரவும் வலி இருந்தால் அதைக் ‘கேஸ்’ என்று எண்ணிச் சோடா குடித்துக் காத்திராதீர்கள். 108ஐ அழையுங்கள். சர்க்கரை நோயாளிகளுக்கு வலியே இல்லாமல் வியர்வையும் குமட்டலும் மட்டும்கூட வரலாம். இசிஜி எடுத்து, ஒன்றுமில்லை என்று திரும்பிச் செல்வதில் வெட்கம் ஏதுமில்லை.

இரவு உணவுக்கும் படுக்கைக்கும் மூன்று மணி நேர இடைவெளி, கட்டிலின் தலைப்பக்கத்தை அரையடி உயர்த்துதல், புகையிலையை விடுதல் ஆகியவை குறித்து முன்னரே பலமுறை கேட்டிருப்பீர்கள். இவை இல்லாமல் மாத்திரையைக் குறைப்பது கடினம் என்பதால் மீண்டும் சொல்கிறேன்.

அந்தப் பெரியவருக்கு மக்னீசியம் கொடுத்து, நீர்பிரிக்கும் மாத்திரையை மாற்றி, பேன்டோபிரசோலை ஆறு வாரங்களில் படிப்படியாக நிறுத்தினோம். இரண்டாம் வாரம் நெஞ்செரிச்சல் என்று தொலைபேசியில் அழைத்தார்; திரவம் குடித்துப் பொறுத்திருக்கச் சொன்னேன். நான்காம் வாரம் அது அடங்கியது. கெண்டைக்கால் இழுப்பு இப்போது இல்லை. இந்த முறை சீட்டில் ஒவ்வொரு மருந்தின் எதிரிலும் முடியும் தேதியை எழுதிக் கொடுத்தேன். அவருடைய மனைவி அதை வாங்கி, வரிவரியாக விரல் வைத்துப் படித்துச் சரிபார்த்த பிறகே எழுந்தார்.