தோட்ட வேலையைப் பேசி விடுமுன் குழியை அளந்து பாருங்கள்

மானாவாரி நிலத்தில் கடலையும் சோளமும் போட்டு, மழை பொய்த்துக் கைநட்டம் கண்ட சிறு விவசாயிகள் பலர் மா, நெல்லி, கொய்யா எனப் பழத்தோட்டம் அமைக்க முன்வருகிறார்கள். வரவேற்க வேண்டிய மாற்றம்தான். ஆனால் வீட்டு ஆட்களே மண்வெட்டி பிடித்துக் குழி வெட்டிய காலம் பெரும்பாலும் போய்விட்டது. குழி வெட்டுவது, நடுவது, வேலி போடுவது எல்லாவற்றையும் உள்ளூர் மேஸ்திரியிடம் மொத்தமாகப் பேசி விட்டுவிடுகிறோம். எந்த ரகம் வைக்கலாம், என்ன உரம் இடலாம் என்று கேட்டு வருபவர்கள் அநேகர். ஒரு குழிக்கு என்ன கொடுக்கலாம் என்று கேட்பவர் அரிது. மானாவாரி மாந்தோப்பில் முதல் ஆண்டில் கன்றுக்கும் எருவுக்கும் ஆவதைவிடக் கூலிக்குத்தான் கைப்பணம் அதிகம் கரைகிறது. அதில் தவறு நேர்ந்தால் அன்றே தெரியாது. நட்ட மூன்றாம், நான்காம் ஆண்டுக் கோடையில் மரம் வாடும்போதுதான் தெரியும். அதற்குள் மேஸ்திரியின் கணக்கு முடிந்து போயிருக்கும்.

கூலி ஊருக்கு ஊர் மாறுகிறது. ஒரே ஊரிலும் அறுவடை நேரத்தில் ஒன்று, ஆடியில் ஒன்று. ஆகையால் இங்கு ரூபாய்க் கணக்கு எழுதப் போவதில்லை. எல்லாவற்றையும் ஆள் கணக்கில் சொல்கிறேன். உங்கள் ஊரில் ஓர் ஆளின் ஒரு நாள் கூலி எதுவோ, அதனால் பெருக்கிக் கொள்ளுங்கள்.

குழியின் கணக்கு

ஓர் ஏக்கர் மாந்தோப்பை எடுத்துக் கொள்வோம். 10 மீட்டருக்கு 10 மீட்டர் இடைவெளி விட்டால் ஏக்கருக்கு 40 கன்றுகள். குழியின் அளவு நீளம், அகலம், ஆழம் ஒவ்வொன்றும் 3 அடி. அப்படியானால் ஒரு குழிக்கு 27 கன அடி மண் வெளியே வர வேண்டும். 40 குழிக்கு 1,080 கன அடி. மண் வியாபாரத்தில் 100 கன அடியை ஒரு யூனிட் என்கிறோம் அல்லவா, அந்தக் கணக்கில் சுமார் 11 யூனிட். இது சிறிய வேலை அல்ல.

இப்போது குழி வெட்டுபவர் ஒவ்வொரு பக்கத்திலும் அரை அடி மட்டும் குறைத்துவிட்டார் என்று வைத்துக் கொள்வோம். இரண்டரை அடிக் குழி. பார்வைக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 15.6 கன அடிதான் வருகிறது. அதாவது நூற்றுக்கு 42 பங்கு வேலை குறைந்துவிட்டது. கூலியோ முழுக் குழிக்குக் கொடுக்கிறீர்கள். இன்னொரு விதமும் உண்டு. மேலே சரியாக 3 அடி இருக்கும். உள்ளே போகப் போகச் சரிந்து அடியில் 2 அடியாகக் குறுகிவிடும். இந்தக் குழியில் 19 கன அடிதான். வாய் அகலத்தை மட்டும் அளந்துவிட்டுத் திரும்பும் விவசாயிக்கு இது தெரிய வராது. அடியையும் அளக்க வேண்டும். 3 அடி நீளத்தில் ஒரு மூங்கில் குச்சியை நறுக்கிக் கையில் வைத்துக் கொண்டால் போதும். குழிக்குள் படுக்கப் போட்டும் நிறுத்தியும் பார்த்துவிடலாம்.

அடியா, மீட்டரா என்பதையும் முதலிலேயே பேசிவிடுங்கள். ஒரு மீட்டர் என்பது 3 அடி 3 அங்குலத்துக்குச் சற்று மேல். மூன்று அங்குலம்தானே என்று எண்ணக்கூடாது. ஒரு மீட்டர்க் குழியில் 35 கன அடி மண் உண்டு. 3 அடிக் குழியைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதிக வேலை. மீட்டர்க் குழி கேட்டு மூன்றடிக் குழிக்கான கூலி கொடுத்தால் அது வேலையாளுக்குச் செய்யும் அநியாயம்.

ஒரு நாள் மாதிரி வேலை

நியாயமான தொகையைக் கண்டுபிடிப்பது எப்படி? நான் சொல்லும் வழி இதுதான். நாற்பது குழியையும் பேசி விடுமுன், நன்றாக வேலை செய்யக்கூடிய இரண்டு ஆட்களை ஒரே ஒரு நாள், நாள் கூலிக்கு அமர்த்துங்கள். குச்சியால் அளந்து முழுக் குழிகளாக வெட்டச் சொல்லுங்கள். மாலையில் எத்தனை குழி முடிந்தது என்று எண்ணுங்கள். இலகுவான செம்மண்ணில் ஓர் ஆள் மூன்று குழி முடித்தார் என்று வைத்துக் கொள்வோம். அப்படியானால் 40 குழிக்கு 14 ஆள் வேண்டும். மேல்மண்ணும் எருவும் கலந்து குழியை மூட, ஓர் ஆளுக்கு 8 குழி வீதம் 5 ஆள். கன்று நட்டு, குச்சி கட்டி, பாத்தி பிடிக்க ஓர் ஆளுக்கு 10 கன்று வீதம் 4 ஆள். ஆக மொத்தம் 23 ஆள். ஆட்களைத் திரட்டி, கருவி கொண்டு வந்து, வேலையை மேற்பார்க்கும் மேஸ்திரிக்கு இரண்டு, மூன்று ஆள் கூலி சேர்த்துக் கேட்டால் அது நியாயமே.

இந்த எண்ணிக்கை கையில் இருந்தால் பேரம் பேசுவது எளிது. 35 ஆள் கூலி கேட்பவரிடம், எந்த வேலைக்கு இவ்வளவு என்று விவரம் கேட்கலாம். அதைவிட முக்கியம், 15 ஆள் கூலிக்கு முடித்துத் தருகிறேன் என்று சொல்பவரைக் கண்டு மகிழ்ந்துவிடக் கூடாது. 23 ஆள் வேலையை 15 ஆள் கூலிக்கு எவரும் தம் கைப்பணம் போட்டுச் செய்ய மாட்டார். குறையும் 8 ஆள் வேலை குழியின் ஆழத்தில்தான் குறையும். அப்படி வெட்டிய குழிகளில் வைத்த கன்றுகளை நீங்கள்தான் முப்பது, நாற்பது ஆண்டு வைத்துக் காப்பாற்ற வேண்டும்.

மாதிரி வேலையில் இன்னொரு லாபமும் உண்டு. உங்கள் நிலத்தின் அடிமண் கண்ணுக்குத் தெரியும். சரளையோ சுக்கானோ இருந்தால் ஓர் ஆள் நாள் முழுவதும் கடப்பாரை போட்டு ஒரு குழிதான் முடிப்பார். அப்போது 40 குழிக்கு 40 ஆள். இந்தச் செலவைப் பார்த்து மலைத்து, இரண்டடியோடு நிறுத்திக் கொள்ளலாம் என்று தோன்றும். அதுதான் கூடாது. இறுகிய மண்ணில் ஆழமில்லாத குழி ஒரு மண்தொட்டி போலத்தான். வேர் பொலபொலப்பான மண்ணுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி ஓடும், கீழே இறங்காது. கோடையில் அந்தத் தொட்டி காய்ந்தவுடன் மரம் வாடும். மாறாக, ஆற்றோர வண்டலிலும் ஆழமான இலகு மண்ணிலும் கடப்பாரை தானாகவே இறங்குமானால், பொதுவான பரிந்துரையைவிடச் சற்றுச் சிறிய குழி வெட்டினாலும் பாதகமில்லை என்பது என் கருத்து. மிச்சம் பிடிப்பதானால் அங்கே பிடியுங்கள். சரளையில் பிடிக்காதீர்கள்.

பாறை வந்தால் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும். பாதி வேலையில் எழும் தகராறுகளில் பெரும்பாலானவை இதனால்தான். பாறையை உடைக்கத் தனிக் கூலி கொடுப்பதைவிட, குழியை இரண்டு, மூன்று அடி தள்ளி வெட்டச் சொல்லிவிடலாம். வரிசை சற்றுக் கோணலானால் காய்ப்பு குறைந்துவிடாது.

மேல்மண்ணைத் தனியே போடச் சொல்லுங்கள்

குழி வெட்டும்போது முதல் ஓர் அடி மண்ணை ஒரு பக்கமும், கீழே வரும் மண்ணை மறுபக்கமும் குவிக்க வேண்டும். சத்து இருப்பது மேல்மண்ணில்தான். குழியை மூடும்போது இந்த மேல்மண்ணுடன் குழிக்கு 10 கிலோ மக்கிய தொழு உரம் கலந்து நிரப்புகிறோம். 40 குழிக்கு 400 கிலோ. ஒரு மாட்டு வண்டி பாரத்துக்குள் அடங்கிவிடும். இப்படிப் பிரித்துப் போடுவதற்கு வேலையாளுக்கு அதிக நேரம் பிடிப்பதில்லை. ஆனால் சொல்லாவிட்டால் யாரும் செய்வதில்லை. எல்லா மண்ணையும் ஒரே குவியலாகக் கொட்டிய பிறகு, பிரிப்பது நடக்காத காரியம். மூடிய குழி மழைக்கு அமுங்கும்; எனவே தரை மட்டத்துக்குச் சற்று மேலேயே மண்ணைக் குவித்து மூட வேண்டும்.

இயந்திரம் வைக்கலாமா?

ஆள் கிடைக்காத ஊர்களில் ஜேசிபி இயந்திரத்தை அழைக்கிறார்கள். இறுகிய நிலத்துக்கு இது நல்லதே. சரளையில் ஆளைவிடச் செலவும் குறையும். ஆனால் மணி வாடகை என்றவுடன் ஒப்புக் கொள்ளக்கூடாது. மணி எப்போது தொடங்குகிறது? இயந்திரம் ஊரைவிட்டுப் புறப்பட்டதிலிருந்தா, நிலத்தில் இறங்கியதிலிருந்தா? குறைந்தது இத்தனை மணி என்று நிபந்தனை உண்டா? டீசலும் ஓட்டுநர் படியும் வாடகையில் சேர்த்தியா? இவற்றைக் கேட்டுத் தெளிந்து கொள்ளுங்கள். அடுத்தடுத்த காட்டுக்காரர்கள் இரண்டு, மூன்று பேர் சேர்ந்து ஒரே நாளில் வேலை வைத்தால் இயந்திரம் வந்து போகும் செலவு ஒருவர் தலையில் விழாது. முதல் அள்ளலில் வரும் மேல்மண்ணைத் தனியே கொட்டும்படி ஓட்டுநரிடம் நேரில் சொல்ல வேண்டும். ஈர நிலத்தில் இயந்திரத்தை இறக்கினால் சக்கரம் ஓடிய இடமெல்லாம் மண் இறுகிவிடும்.

டிராக்டரில் பூட்டி, திருகு போல மண்ணைக் குடைந்து எடுக்கும் குழி போடும் கருவியும் வந்திருக்கிறது. வேகமாக வேலை முடியும். ஆனால் ஒன்றரை அடி அகலத் திருகினால் 3 அடி ஆழம் போனாலும் கிடைப்பது 5.3 கன அடிதான். நமது குழியில் ஐந்தில் ஒரு பங்கு. ஆகவே "குழிக்கு இவ்வளவு" என்ற விலையை ஆள் வெட்டும் குழியின் விலையோடு ஒப்பிடுவது பொருந்தாது. மேலும் களிப்பான ஈர மண்ணில் திருகு சுற்றும்போது குழியின் சுவர் பூசி மெழுகியது போல ஆகிவிடும். வேர் அதைத் துளைத்து வெளியேறச் சிரமப்படும். கடப்பாரையால் சுவரைக் கொத்தி விட்ட பிறகே மூட வேண்டும்.

வேளாண்மைப் பொறியியல் துறையும் டிராக்டர், மண் அள்ளும் இயந்திரம் ஆகியவற்றை அரசு நிர்ணயித்த வாடகைக்கு விவசாயிகளுக்குத் தருகிறது. உழவன் செயலியில் பதிவு செய்யலாம். செயலி பழக்கமில்லாதவர்கள் துறையின் கோட்ட அலுவலகத்தில் நேரில் கேட்கலாம். பருவ நேரத்தில் பலரும் கேட்பதால், கோடையிலேயே கேட்டு வைப்பது நல்லது.

பணம் கொடுக்கும் முறை

பேசிய விவரத்தை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். உறவினராக இருந்தாலும் எழுதுங்கள். உறவுக்கும் அது நல்லது. குழி எண்ணிக்கை, மூன்று அளவுகள், மேல்மண் தனியே, மூடுவது யார், கருவி யாருடையது, எந்தத் தேதிக்குள் முடிக்க வேண்டும் என்பவை அதில் இருந்தால் போதும். அச்சாரம் கால் பங்குக்கு மேல் வேண்டாம். பத்துக் குழி முடிந்ததும் அளந்து, அந்தப் பத்துக்கான பணத்தை அன்றைக்கே கொடுத்துவிடுங்கள். அளவு குறைந்தால் பத்துக் குழியோடு தெரிந்துவிடும். திருத்தச் சொல்வதும் எளிது. நாற்பதும் முடிந்த பிறகு அளக்கப் போனால் சண்டைதான் மிஞ்சும். வேலை சரியாக இருக்கும்போது கூலியை நாளைக்கு, சந்தை முடிந்து என்று இழுத்தடிப்பவருக்கு அடுத்த முறை நல்ல ஆள் கிடைப்பதில்லை.

மூடுவதும் நடுவதும் பெரும்பாலும் பெண்கள் செய்யும் வேலை. அதே வேலைக்கு ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி என்று கொடுப்பதற்கு எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை. பையைக் கிழித்து மண் கட்டி உடையாமல் கன்றை இறக்குவதற்கு நிதானமான கை வேண்டும்.

கன்று வாங்குவதை மட்டும் ஒப்பந்தத்தில் சேர்க்காதீர்கள். கன்றும் நானே கொண்டு வருகிறேன் என்று மேஸ்திரி சொன்னால், எங்கே மலிவோ அங்கேதான் வாங்குவார். அரசு தோட்டக்கலைப் பண்ணையிலோ நம்பகமான நாற்றுப் பண்ணையிலோ நீங்களே நேரில் பார்த்து, ஒட்டு நன்றாகக் கூடியிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்து வாங்குங்கள். நடும் நாளில் உடனிருந்து, ஒட்டுப் பகுதி மண்ணுக்கு மேலே நிற்கிறதா என்று ஒவ்வொரு கன்றாகப் பாருங்கள்.

வேலியின் செலவு

வேலிக்கு ஏக்கர் கணக்கு உதவாது, சுற்றளவுதான் கணக்கு. சதுரமான ஓர் ஏக்கருக்குச் சுற்றளவு சுமார் 835 அடி. அதே ஏக்கர் 100 அடி அகலத்தில் நீண்டு கிடந்தால் 1,071 அடி. பத்தடிக்கு ஒரு கல்தூண் என்றால் முதலாவதற்கு 84 தூண், இரண்டாவதற்கு 107. அண்ணன் தம்பி பாகம் பிரித்து நீள நீளமாகக் கிடக்கும் நிலங்களில், பக்கத்துக் காட்டுக்காரரோடு பொது வேலியின் செலவைப் பங்கிட்டுக் கொள்வது இருவருக்கும் லாபம். முள்கம்பியை எடைக்கு வாங்கும்போது மெல்லிய கம்பி அதிக நீளம் வரும். ஆனால் சீக்கிரம் துருவேறித் தொய்யும்.

கையில் பணம் குறைவாக உள்ளவர்கள் முழு வேலியையும் முதல் ஆண்டே கம்பியில் போட வேண்டியதில்லை. ஆடு மாடு வரும் பாதைப் பக்கம் மட்டும் கம்பி போட்டு, மற்றப் பக்கங்களில் கிளுவைக் குச்சிகளை நெருக்கமாக ஊன்றிவிடலாம். குச்சி வெட்டவும் ஊன்றவும் ஆள் கூலி மட்டும்தான் செலவு. மழைக்காலத் தொடக்கத்தில் ஊன்றினால் வேர் பிடித்துவிடும். அது அடர்ந்து வளரும் வரை ஒவ்வொரு கன்றுக்கும் முள் சுற்றிக் கட்டி வையுங்கள்.