உடன் நின்றவர் குற்றம்: அன்றும் இன்றும்

1908 ஜூலையில் திருநெல்வேலி செஷன்ஸ் நீதிபதி பின்ஹே, வ.உ.சிதம்பரம் பிள்ளைக்கு இரண்டு ஆயுள் தண்டனைகளை விதித்தார். ஒன்று, ராஜத்துரோகமாகப் பேசியதற்கு. இன்னொன்று, சுப்பிரமணிய சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு. சிவாவுக்கு இடமும் உணவும் கொடுத்து ஆதரித்தார் என்பது அவர்மீது சொல்லப்பட்ட முக்கியமான குற்றங்களில் ஒன்று. அந்த சிவாவுக்குக் கிடைத்தது 10 ஆண்டு. பேசியவருக்குப் பத்தாண்டு, துணை நின்றவருக்கு ஆயுள்! மேல்முறையீட்டில் தண்டனை குறைந்து 1912 இறுதியில் வ.உ.சி. விடுதலையானார் என்றாலும், உடந்தை என்ற குற்றச்சாட்டு அரசின் கையில் எவ்வளவு தூரம் போகும் என்பதைத் தமிழ்நாடு அன்றே பார்த்துவிட்டது.

சட்டத்தின் அடிப்படை நியாயமானது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. கூலிக்கு ஆள் வைத்துக் கொலை செய்யச் சொன்னவர் வீட்டில் உட்கார்ந்திருந்தார் என்பதற்காகத் தப்பிவிடக் கூடாது. கத்தியை எடுத்துக் கொடுத்தவரும் வாசலில் காவல் நின்றவரும் பதில் சொல்லத்தான் வேண்டும். 1860-இன் இந்திய தண்டனைச் சட்டம் இதற்காகவே தூண்டுதல், உதவி செய்தல், சட்டவிரோதக் கூட்டம் என்று தனித்தனிப் பிரிவுகளை வைத்தது. பலர் சேர்ந்து செய்யும் குற்றத்துக்கான 34-ஆம் பிரிவில் ‘அனைவருக்கும் பொதுவான நோக்கம்’ என்ற நிபந்தனை 1870-இல்தான் சேர்ந்தது. அரசுக்கு எதிரான சதி என்ற 121-ஏ பிரிவும் அதே ஆண்டில்தான் வந்தது.

1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதன், அங்கேயே தன்னையும் சுட்டுக்கொண்டு இறந்தார். சுட்டவர் இல்லை. ஆனால் சதிக் குற்றச்சாட்டில் நீலகண்ட பிரம்மச்சாரி உள்ளிட்ட 14 பேர் சென்னை உயர் நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் முன் நிறுத்தப்பட்டார்கள். நீலகண்டருக்கு 7 ஆண்டு. மற்ற சிலருக்கு அதற்குக் குறைவான தண்டனை. யாருக்கும் தூக்கு இல்லை.

அன்றைய சட்டத்தில் ஓர் எல்லை இருந்தது. அரசுக்கு எதிரான சதியைத் தவிர மற்றவற்றில், பேசி முடிவெடுத்தது மட்டும் குற்றமாகாது. அந்த முடிவின்படி ஏதாவது நடந்திருக்க வேண்டும். அரசியல் கொலைகளும் வெடிகுண்டுகளும் தொடர்ந்த காலம் அது. 1913-இல் அரசு 120-ஏ, 120-பி பிரிவுகளைச் சேர்த்து அந்த எல்லையை அழித்தது. குற்றம் செய்வதென்று இருவர் உடன்பட்டாலே போதும், அந்த உடன்பாடே குற்றம். அந்நிய அரசு தன் பாதுகாப்புக்குக் கொண்டுவந்த இந்தப் பிரிவு சுதந்திரத்துக்குப் பிறகும் அப்படியே நின்றது.

கூட்டுப் பொறுப்பின் எல்லையைச் சொல்ல இரண்டு பழைய வழக்குகளை அவசியம் அறிய வேண்டும். 1923-இல் கல்கத்தாவின் சங்கரிதோலா அஞ்சலகத்தில் பணம் கேட்டு வந்தவர்கள் போஸ்ட்மாஸ்டரைச் சுட்டுக் கொன்றார்கள். பிடிபட்ட பரேந்திர குமார் கோஷ், தான் வெளியே பயந்துபோய் நின்றதாகச் சொன்னார். அன்றைய இறுதி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் அதை ஏற்கவில்லை. திட்டத்தில் பங்குகொண்டு காவல் நின்றவரும் கொலைக்குப் பொறுப்பாளி என்றது. அதே பிரிவி கவுன்சில் 1945-இல் மெஹ்பூப் ஷா வழக்கில் எதிர்ப்பக்கம் நின்றது. சிந்து நதியில் நாணல் வெட்டிய தகராறில் இருவர் துப்பாக்கி தூக்கினார்கள். ஒருவர் சுட்டதில் ஓர் உயிர் போனது, சுட்டவர் தலைமறைவானார். மற்றவருக்கு மரண தண்டனை. இருவருக்கும் ஒரே மாதிரி எண்ணம் இருந்தது போதாது, முன்கூட்டியே பேசிப் பகிர்ந்துகொண்ட திட்டம் வேண்டும் என்று சொல்லி அந்தக் கொலைத் தண்டனையை ரத்து செய்தார்கள். இன்றும் நம் நீதிமன்றங்கள் எடுத்துக் காட்டும் தீர்ப்பு இது.

திட்டத்தை நிரூபிப்பது எப்படி? சதியைப் பத்திரம் எழுதி யாரும் செய்வதில்லை. அதனால் சதியாளர் ஒருவர் சொன்னதை மற்றவருக்கு எதிராகவும் எடுத்துக்கொள்ள 1872-இன் சாட்சியச் சட்டம் வழிவிட்டது. இங்கேதான் ஆபத்து. 1991-இல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட வழக்கில் பூந்தமல்லி தடா நீதிமன்றம் 1998 ஜனவரியில் 26 பேருக்கும் தூக்கு விதித்தது. அடுத்த ஆண்டு மே மாதம் உச்ச நீதிமன்றம் 19 பேரைக் கொலைச் சதியிலிருந்து விடுவித்தது. நால்வருக்குத் தூக்கு, மூவருக்கு ஆயுள் என்று நிறுத்தியது. போலீஸ் அதிகாரியிடம் தந்த வாக்குமூலமே செல்லும் என்ற தடாவின் விதிதான் வழக்கின் முதுகெலும்பு. பேட்டரி வாங்கிக் கொடுத்ததற்காகத் தூக்குத் தண்டனை பெற்ற பேரறிவாளன், அது எதற்கென்று தெரியாது என்று சொன்னதைத் தான் பதிவு செய்யவில்லை என வாக்குமூலம் வாங்கிய அதிகாரியே 2013-இல் ஒப்புக்கொண்டார். பேரறிவாளன் விடுதலையானது 2022 மே 18-இல். அதுவும் குற்றமற்றவர் என்ற தீர்ப்பால் அல்ல, உச்ச நீதிமன்றத்தின் தனி அதிகாரத்தால். அந்தக் கொலையில் உயிரிழந்தவர்களின் குடும்பத் துயரம் சிறிதல்ல. ஆனால் ‘தெரிந்து செய்தாரா’ என்ற ஒற்றைக் கேள்விக்கான பதிலை எழுதாமல் விட்டால் நீதி என்று எதைச் சொல்வது?

2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா. 34 என்பது 3(5) ஆகிவிட்டது, 120-பி என்பது 61, சட்டவிரோதக் கூட்டத்துக்கான 149 என்பது 190. எண்கள் மாறினாலும் பழைய சட்டத்தின் உள்ளடக்கம் பெரும்பாலும் அப்படியே. புதிதாக வந்தவையும் உண்டு. சாதி, சமூகம், மொழி போன்ற காரணத்தால் ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து ஒருவரைக் கொன்றால், அந்தக் கும்பலில் ஒவ்வொருவருக்கும் மரணமோ ஆயுளோ தண்டனை. வெளிநாட்டில் இருந்து இங்கே குற்றத்தைத் தூண்டினாலும் பிடிக்க முடியும். திட்டமிட்ட குற்றக் கும்பலில் உறுப்பினர் என்பதற்கே குறைந்தது 5 ஆண்டு.

கூட்டுக் குற்றத்தில் இறுகிய சட்டம், தற்கொலை முயற்சியில் இளகியிருக்கிறது. தற்கொலைக்கு முயன்று பிழைத்தவருக்கு ஓராண்டு வரை சிறை என்ற பழைய 309-ஆம் பிரிவு புதிய சட்டத்தில் இல்லை. அரசு ஊழியரைக் கட்டாயப்படுத்தவோ தடுக்கவோ அப்படி முயல்வது மட்டுமே குற்றம். இந்த மாற்றத்தை நான் மனமார வரவேற்கிறேன்.

இன்று சதிக்கு ஆதாரம் செல்போன் அழைப்புப் பட்டியல், டவர் இருப்பிடம், வாட்ஸ்அப் குழு, வங்கிக் கணக்கு. அன்று அப்ரூவராக மாறிய கூட்டாளியின் சாட்சியத்தை நம்பிய இடத்தில் இன்று இவை. ஆனால் அழைப்புப் பட்டியல், இருவர் பேசினார்கள் என்பதைத்தான் சொல்லும். என்ன பேசினார்கள் என்பதைச் சொல்லாது.

ஊர்த் தகராறுகளில் எஃப்.ஐ.ஆர். எழுதும்போது அண்ணன், தம்பி, மருமகள் வரை ஏ1, ஏ2 என்று பெயர்களை அடுக்குவது மட்டும் அன்றும் இன்றும் ஒன்றுதான். நாளைக்கு நீங்கள் ஒரு புகாரில் கையெழுத்துப் போட நேர்ந்தால், யார் என்ன செய்தார் என்பதை ஒவ்வொரு பெயருக்கும் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். கண்ணால் பார்க்காத பெயரைச் சேர்க்காதீர்கள்.