தாம்பரத்தில் எத்தனை எழுத்து?

தமிழாசிரியரைக் கேட்டால் யோசிக்காமல் சொல்வார்: தா, ம், ப, ர, ம். ஐந்து எழுத்து. பிளஸ் டூ கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவி ஒருத்தி, தன் பாடத்தில் வரும் பைத்தானைத் திறந்து, நீளம் சொல்லும் ‘லென்’ கட்டளைக்குள் ‘தாம்பரம்’ என்று கொடுத்தால் திரையில் 8 என்று வருகிறது. இரண்டு ஸ்டேஷன் தள்ளிப் போய் ‘குரோம்பேட்டை’ என்று கொடுத்தால் 12. நம் கணக்கில் அது ஆறு.

கணினி தப்பு செய்யவில்லை. அது எண்ணுவது எழுத்தை அல்ல, எண்களை. யூனிகோடு முறையில் ‘த’ என்பதற்கு 2980 என்று ஓர் எண்; துணைக்காலுக்குத் தனியாக ஒன்று; மேலே வைக்கும் புள்ளிக்கும் தனியாக ஒன்று, 3021. ஆக த, கால், ம, புள்ளி, ப, ர, ம, புள்ளி: எட்டு. மெய்தான் உடம்பு, அதில் உயிர் ஏறி உயிர்மெய் ஆகிறது என்று நாம் படித்தோம். யூனிகோடோ முதலில் ‘ம’வை வைத்துவிட்டு, அதிலிருக்கும் அகரத்தைப் புள்ளி போட்டு எடுக்கிறது. இந்திய எழுத்துகளுக்கெல்லாம் ஒரே அச்சாக 1988-ல் வகுத்த இஸ்கி முறையிலிருந்து வந்த ஏற்பாடு இது. இதில் தமிழ் அறிஞர்களுக்கு மனக்குறை உண்டு. 2010-ல் தமிழக அரசு யூனிகோடோடு டேஸ் 16 என்ற முறையையும் தரப்படுத்தியது. அதில் ஒவ்வொரு உயிர்மெய்க்கும் ஓர் எண்.

இவ்வளவு நீட்டுவதற்குக் காரணம் இருக்கிறது. பள்ளியில் ‘தொழில்நுட்பம்’ என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு காரியங்கள் நடக்கின்றன. ஒன்று, கணினி வழியாகப் பாடம் நடத்துவது. மற்றது, கணினியையே பாடமாக நடத்துவது. முதலாவதில் தமிழகம் வேகமாகத்தான் போகிறது. உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப் வந்தது. 2024-ல் தொடங்கிய திட்டத்தில் 22,931 ஸ்மார்ட் வகுப்பறைகள், தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு 79,723 கையடக்கக் கணினிகள் என்று கணக்கு. பாடப் புத்தகத்தில் க்யூஆர் கோடு இருக்கிறது, கல்வித் தொலைக்காட்சி 2019 முதல் ஓடுகிறது. இதயம் எப்படித் துடிக்கிறது என்று திரையில் பார்ப்பது நல்லதுதான். ஆனால் அதைப் பார்த்த பிள்ளை கற்றுக்கொண்டது உயிரியல், கணினி அல்ல.

இரண்டாவது காரியம் எங்கே நடக்கிறது? ஆறாம் வகுப்பிலிருந்தே அறிவியல் புத்தகத்தின் கடைசியில் கணினிப் பாடம் ஒன்று உண்டு. பத்தாம் வகுப்பில் அது ‘காட்சித் தொடர்பு’. அதில் வரும் ஸ்கிராட்ச் என்ற மென்பொருளில் வண்ணக் கட்டைகளை ஒன்றோடொன்று பூட்டி, ஒரு பூனையை நடக்க வைக்கலாம். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் உருவாகி 2007-ல் வெளியானது. (தாம்பரம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு எம்.ஐ.டி. என்றால் குரோம்பேட்டையில் 1949-ல் இராஜம் தொடங்கிய கல்லூரிதான். ஆசிரியர் ஒரு வார்த்தை விளக்குவது நல்லது.) பாடம் நல்ல பாடம். ஆனால் புத்தகத்தின் கடைசிப் பாடத்துக்குப் பொதுத்தேர்வு வருடத்தில் என்ன கதி என்று பத்தாம் வகுப்பு படித்த எல்லோருக்கும் தெரியும். நடத்துபவரும் பெரும்பாலும் அறிவியல் ஆசிரியர்தான். அவருக்கு அந்த வாரம் எமிஸ் இணையதளத்தில் விவரம் ஏற்றும் வேலையும் பாக்கி இருக்கும்.

ஆக தேர்வுக்குரிய தனிப் பாடமாகக் கணினி பிளஸ் ஒன்னில்தான் தொடங்குகிறது, அதுவும் அந்த குரூப் எடுத்தவர்களுக்கு மட்டும். ஒரு காலத்தில் ஸ்டார் ஆஃபீஸும் சி பிளஸ் பிளஸ்ஸும் படித்தார்கள். 2018-ல் புதிய பாடத்திட்டம் வந்த பிறகு பிளஸ் ஒன்னில் சி பிளஸ் பிளஸ், பிளஸ் டூவில் பைத்தான். பாடத்திட்டத்தைக் குறை சொல்ல மாட்டேன். குறை மதிப்பெண்ணில் இருக்கிறது. எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20. செய்முறைக்கான புரோகிராம்கள் முன்கூட்டியே தெரியும் என்பதால் ரெக்கார்ட் நோட்டில் எழுதி, மனப்பாடம் செய்து, கமா பிசகாமல் தட்டிவிட்டு வரலாம். பொறியியல் கட்-ஆஃப் கணக்கில் வருவது கணிதம், இயற்பியல், வேதியியல். கம்ப்யூட்டர் இன்ஜினியரிங்தான் வேண்டும் என்று நிற்கிற பையனுக்கும் கம்ப்யூட்டர் சயின்ஸ் மார்க் அங்கே செல்லாக்காசு.

ஆசிரியர் நியமனமும் இழுபறிதான். 2019 ஜூனில் 814 கணினிப் பயிற்றுநர் இடங்களுக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் கணினி வழித் தேர்வு வைத்தது. சில மையங்களில் கணினிகளே மக்கர் செய்ததில், கணினி ஆசிரியராக வந்தவர்கள் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.

நம் தாம்பரம், குரோம்பேட்டைப் பகுதிக்கு இதில் ஒரு சம்பந்தம் உண்டு, பலருக்கு மறந்துவிட்டது. 2005-ல் மத்திய அரசின் சி-டாக் நிறுவனத்தின் சென்னைப் பிரிவும், குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்திலுள்ள ஏயு-கேபிசி ஆய்வு மையமும் சேர்ந்து கட்டற்ற மென்பொருளுக்கு ஒரு தேசிய மையத்தைத் தொடங்கின. அந்த முயற்சியில் பிறந்ததுதான் பாஸ் லினக்ஸ் என்ற இயங்குதளம். 2011 செப்டம்பர் 15-ல் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியபோது அந்த லேப்டாப்களில் பாஸ் ஏறியிருந்தது. உள்ளே என்ன நடக்கிறது என்று திறந்து பார்க்கத் தோதான மென்பொருள், கிட்டத்தட்ட உள்ளூர்ச் சரக்கு. வாங்கிய கையோடு கடைக்குத் தூக்கிப்போய் அதை அழித்துவிட்டு, ‘படம் ஓடுமா அண்ணா?’ என்று கேட்ட பையன்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. அதை வைத்து என்ன செய்யலாம் என்று யாரும் காட்டவில்லை.

குரோம்பேட்டை வழியே போகும் ஜி.எஸ்.டி. ரோட்டில் தெற்கே, கூடுவாஞ்சேரியை ஒட்டி ஸோஹோ மென்பொருள் நிறுவனம் இருக்கிறது. பிளஸ் டூ முடித்தவர்களை எடுத்து, உதவித்தொகை கொடுத்துச் சொல்லிக்கொடுக்கும் பள்ளியை அது ஆறு மாணவர்களோடுதான் ஆரம்பித்தது. பள்ளி விட்ட இடத்தை ஒரு கம்பெனி பிடித்துக்கொண்டது.

மறுபடி அந்த எட்டுக்கு வருவோம். பிளஸ் டூ பாடத்திலுள்ள ‘ஃபார்’, ‘இஃப்’ இரண்டும் போதும். சொல்லை ஒவ்வொரு எண்ணாக நடந்து பார்; புள்ளியோ, காலோ, கொம்போ, வேறு உயிர்க்குறியோ வந்தால் எண்ணாதே; மற்றதை எண்ணு. ஏழெட்டு வரியில் முடிகிற புரோகிராம். தாம்பரத்துக்கு 5, குரோம்பேட்டைக்கு 6, பல்லாவரத்துக்கும் 6, சானடோரியத்துக்கும் 6. கடற்கரை வரை எல்லா ஸ்டேஷன் பெயரையும் போட்டுப் பார்க்கலாம். லேப்புக்கு வெளியே போர்டில் சாக்பீஸால் எழுதியும் நடத்தலாம். கரண்ட் கூட வேண்டாம்.

அதற்குள் மூன்றாவது பெஞ்சிலிருந்து லக்ஷ்மி தன் பெயரைப் போட்டுப் பார்ப்பாள். புரோகிராம் நான்கு என்னும். ‘க்ஷ் ஒரே எழுத்துதானே டீச்சர், மூணுதான் வரணும்’ என்பாள்.