மழைக்கு அசராத தொப்பி

புனேயின் பருவமழையில் சாகேப்களின் நெட்டித் தொப்பி தோற்றது. முயல் ரோமத் தொப்பி தாக்குப்பிடித்தது. அதைக் கெடுத்தது மழையல்ல, நனைந்த பின் காட்டிய அவசரம்.

ஜூலை பிறந்துவிட்டால் குதிரைப் பந்தயம் மும்பையிலிருந்து புனேக்கு இடம் மாறிவிடும். ராயல் வெஸ்டர்ன் இந்தியா டர்ஃப் கிளப்பின் மும்பைப் பந்தயங்கள் நவம்பர் முதல் ஏப்ரல் வரை. மழைக்காலப் பந்தயங்கள் அக்டோபர் வரை புனே கண்டோன்மென்ட்டில். வெள்ளைக்காரர் காலத்தில் குதிரைகளோடு கவர்னரும் வந்தார். கோடைக்கு மகாபலேஷ்வர், மழைக்கு புனே, குளிருக்கு பம்பாய் என்று மாகாண அரசாங்கமே மூட்டைமுடிச்சோடு ஊர் மாறிய காலம் அது. 1864-ல் தொடங்கி 1871-ல் கட்டி முடிக்கப்பட்ட கணேஷ்கிண்ட் மாளிகை கவர்னரின் மழைக்கால இல்லம். இன்று அது சாவித்ரிபாய் ஃபுலே புனே பல்கலைக்கழகத்தின் பிரதான கட்டடம்.

கவர்னர் வந்தால் பின்னாலேயே செயலாளர்கள், ராணுவ அதிகாரிகள், அவர்களுடைய மனைவிமார்கள். தொப்பியில்லாத தலையை அந்தக் கூட்டத்தில் பார்ப்பது அரிது. இந்திய வெயில் மண்டையைப் பிளந்துவிடும் என்று அஞ்சியவர்கள் அவர்கள். அதற்காகவே ஒரு தொப்பி இருந்தது. ஆனால் புனேக்கு அவர்கள் வந்தது வெயிலில் அல்ல, மழையில். சிக்கல் அங்கேதான் ஆரம்பித்தது.

அந்த வெயில் தொப்பியின் பெயர் சோலா டோப்பி. சூரியனைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்த பெயர் என்று பலர் நினைக்கிறார்கள், இல்லை. சோலா என்பது குளத்திலும் சதுப்பிலும் வளரும் ஒரு செடி. தமிழ் வாசகர்களுக்கு அது அந்நியமே அல்ல: நம் ஊர் நெட்டி. மாட்டுப் பொங்கலன்று காளைகளின் கழுத்தில் தொங்குகிற நெட்டி மாலையும், கண்ணாடிப் பெட்டிக்குள் வெள்ளை வெளேரென்று நிற்கிற தஞ்சாவூர்ப் பெரிய கோயில் பொம்மையும் அந்தத் தண்டின் உட்சோற்றில் செய்தவைதான். பூப்போல கனம். உள்ளே முழுக்கக் காற்று, அதனால் சூடு இறங்காது. ஆனால் நெட்டியைத் தண்ணீரில் போட்டுப் பார்த்தவர்களுக்கு மீதிக் கதை தெரியும். பஞ்சுபோல உறிஞ்சிக்கொள்ளும், ஊதும், இளகும். அடைமழையில் நனைந்த சோலா டோப்பி நனைந்த அட்டைப் பெட்டியின் கதிக்கு ஆளானது. தக்கையில் செய்த தொப்பி இன்னும் கொஞ்சம் தாங்கும், ஆனால் கனம்.

எனவே சாகேப்பின் பெட்டியில் இரண்டாவதாக ஒரு தொப்பி இருந்தது. அகன்ற விளிம்புள்ள ஃபெல்ட் தொப்பி. இமயமலை அடிவாரத்துத் தராய்ப் பகுதியின் பெயரால் தராய் தொப்பி என்றார்கள். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு ஃபெல்ட்டுகளைப் பொருத்தியது இரட்டைத் தராய்: வெயிலையும் தடுக்கும், மழையிலும் நிற்கும்.

புனேயின் மழை இந்தத் தொப்பிக்கு ஏற்ற மழை என்பதையும் சொல்ல வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலை மேகங்களைத் தடுத்துப் பிழிந்துவிட்டு மிச்சத்தைத்தான் இந்தப் பக்கம் அனுப்புகிறது. மும்பையில் ஆண்டுக்கு 2,000 மி.மீ.க்கு மேல் கொட்டும்போது புனேயில் 700 மி.மீ. சொச்சம். சில நாட்கள் வெளுத்து வாங்குவது உண்டு. மற்ற நாட்களில் பிசுபிசுவென்ற தூறல், நடுவே கொஞ்சம் வெளிச்சம், மறுபடி தூறல். குடை பிடிக்கலாமா வேண்டாமா என்று தயங்க வைக்கும் மழை. (மழையைக் கணக்கெடுப்பதில் இந்த ஊருக்குத் தனிப் பெருமை உண்டு. 1928-ல் இந்திய வானிலைத் துறையின் தலைமையகம் சிம்லாவிலிருந்து இங்கே வந்தது. 1944-ல் டெல்லிக்குப் போனது. சிவாஜிநகரில் அந்தக் கட்டடத்தை இன்றும் 'சிம்லா ஆபீஸ்' என்றே சொல்கிறார்கள்.)

ஃபெல்ட் ஏன் நெட்டியைப்போலக் கரைவதில்லை? அது தண்ணீரிலேயே பிறந்தது என்பதுதான் காரணம். ஃபெல்ட் நெய்த துணி அல்ல. அதில் நூலும் இல்லை, பாவும் ஊடையும் இல்லை. முயல், குழிமுயல், பீவர் போன்ற பிராணிகளின் தோலை ஒட்டி வளரும் மெத்தென்ற ரோமம்தான் மூலப்பொருள். ஒவ்வொரு இழையையும் உருப்பெருக்கியில் பார்த்தால், மட்டை வெட்டிய பனைமரம்போல, ஒரே திசையை நோக்கி அடுக்கடுக்காகச் செதில்கள் தெரியும். இழையை நுனி நோக்கி உருவினால் வழுக்கும். எதிர்த்திசையில் உருவினால் தடுக்கும். வெந்நீரில் நனைத்து அழுத்தித் தேய்க்கும்போது இழைகள் ஒரே பக்கமாக ஊர்ந்து, ஒன்றையொன்று செதிலால் கவ்விக்கொள்கின்றன. அந்தப் பிடியை விடுவிக்க வழியில்லை.

தொழிற்சாலையில், துளையிட்ட செப்புக் கூம்பு ஒன்று சுழலும். உள்ளிருந்து காற்றை உறிஞ்ச, பறந்து வரும் ரோமம் கூம்பின்மேல் படலமாகப் படியும். வெந்நீர் தெளித்து அதை உரித்தெடுத்தால் ஆளையே மூடும் அளவில் ஒரு தளர்ந்த கூம்பு கிடைக்கும். அதைச் சுருட்டி, நனைத்து, உருட்டி, மறுபடி நனைத்து, தலைக்குப் பொருந்தும் அளவுக்குச் சுருக்குவார்கள். மணிக்கணக்கில் கொதிநீர் பட்டுச் சுருங்கியதால், இனிச் சுருங்க அதில் பெரிதாக மிச்சம் இல்லை. புனேத் தூறலால் அதை என்ன செய்துவிட முடியும்?

ஆட்டுக் கம்பளி ஃபெல்ட்டுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் முதல் மழையிலேயே தெரிந்துவிடும். கம்பளி இழை தடிமனானது, பிடிப்பு தளர்வானது. நனைந்தால் கனக்கும், சுருங்கும், விளிம்பு தொய்யும். முயல் ரோமம் மெல்லியது. நெருக்கமாக அடைந்திருப்பதால் துளி மேலேயே முத்தாக நிற்கும், உதறினால் போய்விடும். விலை வித்தியாசத்துக்கு இதைவிட நியாயமான காரணம் வேண்டாம்.

விளிம்பு விறைப்பாக நிற்பதில் இந்தியாவின் பங்கும் உண்டு. சோட்டா நாக்பூர் காடுகளில் பலாச மரத்திலும் குசும் மரத்திலும் ஒட்டிவாழும் பூச்சிகள் சுரக்கும் அரக்குதான் தொப்பிகளுக்கு விறைப்பூட்டியது. 1849-ல் லண்டனின் லாக் அண்ட் கோ கடைக்காகச் செய்த கிண்ணம் கவிழ்த்தாற்போன்ற பவுலர் தொப்பிக்குக் கல்போன்ற கடினம் தந்தது இதுதான். அரக்கு ஆராய்ச்சிக்கென்றே 1924-ல் ராஞ்சி அருகே நாம்கும்மில் ஒரு நிறுவனம் தொடங்கப்பட்டது. அரக்கு தண்ணீரில் கரையாது, சாராயத்தில்தான் கரையும். மலிவான தொப்பிகளில் அரக்குக்குப் பதில் வஜ்ஜிரம் போன்ற பசை தடவுவார்கள். அது நீரில் இளகும். ஒரே மழையில் விளிம்பு வாழை இலைபோலத் தொங்கிவிடும். அரக்குக்கும் ஒரு எதிரி உண்டு. பாரதத்தில் அரக்கு மாளிகை எப்படி அழிந்தது என்று தெரிந்தவர்களுக்கு அதைச் சொல்ல வேண்டியதில்லை. சூடு.

தொப்பிகள் பாழாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். நனைந்துவிட்டதே என்று பதறி அடுப்பருகில் வைப்பது, வெயிலில் காயப்போடுவது, காரின் பின்கண்ணாடி அருகே வைத்துவிட்டுப் போவது, முடி உலர்த்தும் கருவியைக் காட்டுவது. சூட்டில் அரக்கு இளகி விளிம்பு நெளியும். உள்ளே நெற்றியில் படும் தோல் பட்டை சுருங்கித் தொப்பியையும் உள்ளிழுக்கும். அடுத்த நாள் தலையில் ஏறாது. பழி மழைக்கு.

செய்ய வேண்டியது சுலபம், ஆனால் பொறுமை தேவை. தொப்பியை உதறி, நீரை வழித்துவிட வேண்டும். தோல் பட்டையை வெளியே மடித்துவிட்டு, அந்தப் பட்டையின்மேலேயே தொப்பியை நிறுத்தலாம். இல்லையென்றால் தலைகீழாக, மேல்பாகம் தரையில் படும்படி வைக்கலாம். விளிம்பு தரையில் படும்படி மட்டும் வைக்கக் கூடாது, அழுத்தத்தில் தட்டையாகிவிடும். காற்றோட்டமான நிழலில் ஒரு இரவு, தேவைப்பட்டால் இன்னொரு பகல். முழுக்கக் காய்ந்த பிறகு மென்மையான பிரஷ்ஷால் ரோமம் படுத்திருக்கும் திசையில் தேய்த்தால் துளி விழுந்த தடங்கள் மறையும். ஈரத்தோடு பெட்டியில் பூட்டினால் பூஞ்சணம் வெகுவிரைவில் பிடித்துவிடும். காய்ந்தபின் பூட்டினாலும் அந்துருண்டை வேண்டும். பட்டுப்புடவையைத் தின்னும் அதே பூச்சிக்கு முயல் ரோமம் விருந்து.

ஃபெல்ட்டின் பெரிய மழைப் பரீட்சை புனேயில் நடக்கவில்லை. பர்மா எல்லையில் நடந்தது. 1944-ல் ஜெனரல் வில்லியம் ஸ்லிம்மின் 14-வது ராணுவம், மழை ஓயட்டும் என்று காத்திராமல் ஜப்பானியப் படைகளைத் துரத்திக்கொண்டு போனது. அந்தப் படையின் புகைப்படங்களில் சோலா டோப்பி அநேகமாகக் காணாமல் போய், ஃபெல்ட் தொப்பிகள் தெரிகின்றன. முன்பு கூர்க்கா படையில் இருந்த ஸ்லிம்மின் தலையிலேயே கூர்க்காத் தொப்பிதான். ஆஸ்திரேலிய ராணுவம் இன்றும் அணிகிற, ஒரு பக்கம் மடித்த தொப்பியும் முயல் ரோமம்தான். அந்நாட்டில் பயிரை அழிக்கும் பீடையாகப் பெருகிய முயல்கள் ஒரு தொப்பித் தொழிலையே வாழவைத்தன.

தொப்பியை அணிந்தவரை மழை ஒன்றும் செய்யவில்லை. செய்தவரின் கதை வேறு. செதில்கள் நன்றாகக் கவ்விக்கொள்ளட்டும் என்பதற்காக, முயல் தோலில் பாதரச நைட்ரேட் கரைசலைத் தடவும் வழக்கம் ஐரோப்பாவில் நெடுங்காலம் இருந்தது. தடவிய ரோமத்தின் நுனி ஆரஞ்சு நிறமாகும். வெந்நீரும் ஆவியும் நிறைந்த மூடிய அறைகளில் தொழிலாளர்கள் பாதரசப் புகையைச் சுவாசித்தார்கள். கை நடுங்கியது, ஈறு வீங்கியது, பேச்சு குழறியது. கூச்சமும் கோபமும் மாறி மாறி வந்தன. அமெரிக்காவின் தொப்பி நகரமான டான்பரியில் அந்த நடுக்கத்துக்கு ஊரின் பெயரையே வைத்தார்கள். அமெரிக்கத் தொப்பித் தொழிலில் பாதரசம் 1941-ல்தான் நின்றது. மழைக்கு அசராத பிடிப்பை இன்னொருவர் நரம்பிலிருந்து எடுத்துத் தந்தார்கள் என்றால் மிகையில்லை.

இது வெறும் சரித்திரமும் அல்ல. பழைய ஃபெல்ட் தொப்பிகளில் பாதரசம் இன்னமும் எஞ்சியிருப்பதை அருங்காட்சியகப் பரிசோதனைகள் காட்டியிருக்கின்றன. தாத்தாவின் டிரங்குப் பெட்டியிலிருந்து 1941-க்கு முந்தைய தொப்பி ஒன்று கிடைத்தால், மேலே சொன்ன துடைத்தல், தேய்த்தல் எதையும் அதில் முயல வேண்டாம். வடிவத்தை மீட்கிறேன் என்று கெட்டில் ஆவியில் காட்டவே கூடாது. குழந்தைகள் மாறுவேடப் போட்டிக்குக் கேட்டாலும் கொடுக்காமல் இருப்பது நல்லது. புதிய தொப்பிகளில் இந்தப் பயம் இல்லை. பாதரசத்துக்குப் பதிலாக இப்போது வேறு ரசாயனங்கள்.

இந்தியத் தலைகளில் ஃபெல்ட் தொப்பி ஏறியபோது அதில் மழையைவிட அந்தஸ்து முக்கியமாக இருந்தது. 1928 டிசம்பரில் லாகூரிலிருந்து தப்பிய பகத்சிங் ஓவர்கோட்டும் ஃபெல்ட் தொப்பியுமாக சாகேப் வேடத்தில் ரயிலேறினார். கூடவே வேலைக்காரராக வந்தவர் ராஜகுரு, புனே மாவட்டத்து கேட் ஊர்க்காரர். அந்த ஊருக்கு இன்று ராஜகுருநகர் என்று பெயர். போலீஸ் கண்ணில் சாகேப்பையும் வேலைக்காரரையும் பிரித்துக் காட்ட ஒரு தொப்பி போதுமானதாக இருந்தது. காந்தி குல்லாயின் தர்க்கம் நேர் எதிரானது. காகா காலேல்கரிடம் காந்தி தந்த விளக்கப்படி, காஷ்மீரக் குல்லாயின் வடிவம் பிடித்திருந்தும் அவர் கம்பளியை விட்டுப் பருத்தியை எடுத்தார். வெள்ளையாக இருந்தால் வியர்வை அழுக்கு தெரியும், துவைத்துவிடலாம். நனைவதே அதன் பராமரிப்பு.

சாகேப்கள் வருவதற்கு வெகுகாலம் முன்பே ரோமத்தின் இந்த ரகசியத்தைத் தக்காணத்து ஆட்டிடையர்கள் அறிந்திருந்தார்கள். தங்கர் சமூகத்தினர் கறுப்பு ஆட்டு ரோமத்தை விரித்து, நனைத்து, மிதித்து, சுருட்டி 'ஜேன்' என்ற விரிப்பைச் செய்தார்கள். தறியே இல்லாத அசல் ஃபெல்ட் அது. நெய்து, புளியங்கொட்டைக் கஞ்சி போட்டு முறுக்கேற்றியது கோங்கடி. மழை வந்தால் கோங்கடியின் ஒரு மூலையை உள்ளே மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொள்வார்கள். உச்சி முதல் முழங்கால்வரை தொப்பியும் கோட்டும் ஒன்றாகிவிடும். கம்பளி தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை வாங்கிக்கொண்டும் தொடுகைக்கு ஈரமாகத் தெரியாது, உடம்புச் சூட்டையும் விடாது. ஆட்டு மந்தையோடு இரவெல்லாம் வெட்டவெளியில் நிற்பவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? கனம் மட்டும்தான் குறை. பிளாஸ்டிக் தாள் அந்தக் குறையைப் பயன்படுத்திக்கொண்டது.

ஜூன், ஜூலையில் பண்டரிபுரம் போகும் வார்க்கரிகள் ஆளந்தியிலிருந்தும் தேஹுவிலிருந்தும் பல்லக்குகளோடு புனே வந்து தங்குவார்கள். ஞானேஸ்வரர் பல்லக்கு பவானி பேட்டையில், துக்காராம் பல்லக்கு நானா பேட்டையில். வழியெல்லாம் நனைந்து வரும் கூட்டத்தில் பெரும்பாலோர் தலைமேல் பாலிதீன். நடுநடுவே ஒரு முதியவரின் தோளில் கறுப்புக் கோங்கடி. தங்குமிடம் வந்ததும் அதை உதறி, அடுப்புப் பக்கம் கொண்டுபோகாமல், திண்ணை நிழலில் காற்றுபட விரிப்பார்.